ஆறு ஏக்கர் காட்டுக்கு ஒரு மனு

“காடு இருக்குங்கறே, சரி. திட்டம் எங்கே?” என்று கேட்டார் குமாஸ்தா ஜானகிராமன்.

வேம்புலியம்மாளுக்கு விளங்கவில்லை. “இன்னா திட்டம் ஐயரே? மரம் அதும்பாட்டுக்கு வளந்துகினு கீது.”

“அதும்பாட்டுக்கு வளர்ற மரத்துக்குச் சர்க்கார் பணம் தராது. எந்த வருஷம் எதை வெட்டுவே, எங்கே கன்னு வைப்பே, எல்லாம் பத்து வருஷத்துக்கு எழுதிண்டு வா.”

ஆவடியில் பட்டாளம் முகாம் போட்டிருந்த சண்டைக்காலம் அது. பட்டாளத்து அடுப்புக்கு விறகு கொடுத்துச் சுற்றுவட்டாரத் தோப்புகளெல்லாம் மொட்டையாகிக்கொண்டிருந்தன. வெள்ளானூரில் வேம்புலியம்மாளுக்குச் சொந்தமாக ஆறு ஏக்கர் காடு இருந்தது. நாவல், புங்கன், வாகை, வேம்பு. ஆடுகள் புகுந்து ஒரு கன்றையும் தலையெடுக்க விடவில்லை. சுற்றிலும் அகழி வெட்டியாக வேண்டும். சொந்தக் காட்டைப் பராமரிப்பவர்களுக்குச் சர்க்கார் உதவி உண்டு என்று தமுக்கடித்ததைக் கேட்டுத்தான் பூந்தமல்லி ஆபீசுக்கு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“பேசாம நாகப்பனுக்கு வித்துடலாமே” என்றான் புருஷன் கன்னியப்பன். நாகப்பன் பட்டாளத்துக்கு விறகு கொடுக்கும் கான்ட்ராக்டர்.

“விக்கிறதா? நா உயிரோட கீற வரிக்கும் ஒரு சுள்ளி போவாது!”

கோவில்பதாகை வாத்தியார் தேவராஜைப் பிடித்து நாற்பது பக்கத்துக்குத் திட்டம் எழுதி வாங்கினாள். ஜானகிராமன் நாற்பது பக்கத்தையும் படித்தார்.

“மொத்தம் எத்தனை மரம்? அது இல்லையே.”

எண்ணினார்கள். முதல் நாள் எண்ணூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் எழுநூற்றுத் தொண்ணூறு. குழப்பம் தீர, மரத்துக்கு மரம் சுண்ணாம்பில் நம்பர் போட்டார்கள். இரண்டே நாளில் மழை கழுவிவிட்டது. விடுவாளா? ரோடு போடும் இடத்தில் தார் வாங்கி வந்து, அழியாத நம்பராகப் போட்டாள்.

அந்த நம்பர்களை நாகப்பன் பார்த்துவிட்டான். வெட்டுவதற்குத்தான் நம்பர் போட்டிருக்கிறது என்று முடிவு கட்டி, இருபது கோடாரிகளோடு வந்து நின்றான். கையில் பட்டாளத்து உத்தரவு வேறு.

வேம்புலியம்மாள் முதல் மரத்தின் முன்னால் போய் நின்றாள். “மொதல்ல என் நெத்தில ஒரு நம்பர் போடு. அப்பாலிக்கா மரத்துல கை வை!”

“ஆபீசுல கேட்டுகினு வரேன், இரு” என்று முறைத்துவிட்டுப் போன நாகப்பன், அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

“என் வாய்க்குப் பயந்து ஓட்னான் பாத்தியா!” என்று ஊரெல்லாம் சொல்லி வந்தாள்.

ஆனால் ஜானகிராமன் அவள் வாய்க்குப் பயப்படுகிறவராகத் தெரியவில்லை. “தார் பட்டா பட்டை வெந்துடும். சுரண்டு” என்றார். சுரண்டினாள். “சுரண்டின பட்டைக்கு வைத்தியம் திட்டத்துல இல்லையே” என்றார். வாத்தியார் அதற்கு ஆறு பக்கம் எழுதினார். இங்கிலீஷில் வேண்டும் என்றார் ஜானகிராமன். இங்கிலீஷில் வந்ததும், தமிழோடு ஒத்துப்போகவில்லை என்றார்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. வண்டிமாடு, சொல்லாமலே பூந்தமல்லி ஆபீஸ் வாசலில் போய் நிற்கப் பழகிவிட்டது.

பதினான்காம் தடவை, காட்டின் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஜானகிராமன். “வடக்கு கீழே இருக்கு. மாத்திப் போட்டுண்டு வா.”

மேஜை அதிர ஒரு அறை விழுந்தது. மைக்கூடு கவிழ்ந்தது.

“வடக்கு எங்க கீதுன்னு என் மரத்துக்குத் தெரியும்யா! உன் பணமும் வாணாம், உதவியும் வாணாம். அகழிய நானும் எங்கூட்டு ஆளுமே வெட்டிகினோம். வெச்ச கன்னு என் இடுப்பு ஒசரம் நிக்குது. குடு என் மனுவ!”

ஜானகிராமனின் முகம் வெளுத்தது. “அவசரப்படாதே. அடுத்த மாசம் வா, பார்க்கலாம்.”

“குடுன்றேன்!”

அவர் மனுக் கட்டின் ஒரு முனையை விடவில்லை. இவள் மறுமுனையை விடவில்லை. மேஜைக்குக் குறுக்கே இரண்டு இழுப்பு. மூன்றாவதில் கட்டு இவள் கைக்கு வந்தது. ஆபீஸே எழுந்து நின்று பார்க்க, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு வெளியே நடந்தாள். இரண்டு வருஷத்தில் அவளுக்கு மனசு இவ்வளவு குளிர்ந்ததில்லை.

வண்டியில் ஏறப் போனவளை, பியூன் தசரதன் மூச்சிரைக்க ஓடி வந்து மறித்தான்.

“யக்கா, அந்தக் கட்ட இப்பிடிக் குடு! அந்த நாகப்பன் மாசாமாசம் வந்து, ‘முடிஞ்சுதா, முடிஞ்சுதா’ன்னு கேட்டுகினு போறான்.”

“எனுக்குப் பணமே வாணாம்னுட்டேன், போய்யா!”

“பணம் போன வருசமே தீந்துபூட்ச்சு யக்கா. மனு பாக்கி நிக்கிற காட்ல பட்டாளத்துக்கோசரம்கூட மரம் வெட்டக்கூடாதுன்னு ரூலு கீது, அதுக்கோசரம்தான் ஐயரு ரெண்டு வருசமா ராவா பகலா ரோசன பண்ணி உன் மனுல குத்தம் கண்டுபுட்ச்சிகினு கீறாரு!”