கொட்டேஷன் பாலேந்திரனும் நாடகம் பதியும் பெட்டியும்

நாடகம் பதியும் பெட்டியைத் தன் வீட்டுக்குள் விடுவதில்லை என்று பாலேந்திரன் சபதம் எடுத்தது 2008ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று. அப்போது வாய் நிறையப் பொங்கல் இருந்ததால் சபதத்தை வெளியே சொல்ல முடியவில்லை. இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, டிஷ் டீவிக்குப் புதுப் பெட்டி ஒண்டு வந்திருக்காம்," என்றாள் மனைவி ஞானேஸ்வரி. "நாடகத்தைத் தானே பதிஞ்சு வைக்குமாம். நடுவிலை நிப்பாட்டிப்போட்டு எழும்பிப் போகலாமாம். திரும்பி வந்து அமத்தினால் விட்ட இடத்திலையிருந்து ஓடுமாம்."

"எழும்பி எங்கை போக?"

"எங்கையெண்டாலும்."

அந்த 'எங்கையெண்டாலும்'தான் பாலேந்திரனுக்கு ஆபத்தாகப் பட்டது.

அதற்குக் காரணம் இருந்தது. மாலை ஐந்தரைக்கு ஞானேஸ்வரி டீவிக்கு முன்னால் உட்கார்ந்தால் எட்டு மணிக்குத்தான் எழும்புவாள். இடையில் கூரை கழன்று விழுந்தாலும், "விளம்பரம் வரட்டும், பாப்பம்" என்பாள். பாலேந்திரனுக்குச் சீனி வருத்தம். தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஐந்தரை அடித்ததும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "ஹந்தானைப் பக்கம் நடந்திட்டு வாறன்" என்பார். அவள் தலையைத் திருப்பாமலே "ம்" என்பாள்.

ஹந்தானை வீதி மலை மேலே போனது. பாலேந்திரன் கீழே போனார். இரண்டு ஒழுங்கை தள்ளி விவேகானந்தன் வீடு. அங்கே முன்னறையில் முன்னூற்றுநாலு என்ற சீட்டாட்டம். பாலேந்திரனும் விவேகானந்தனும் ஒரு சோடி. விவேகானந்தனின் மனைவி பத்மாதேவியும் எதிர்வீட்டு இராமநாதனும் மற்றச் சோடி. சீட்டோடு உளுந்து வடையும் வரும். சீனி போட்ட தேத்தண்ணியும் வரும். யாருக்கும் மூச்சுவிட மாட்டேன் என்று பத்மாதேவி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

இதுவரை பாலேந்திரனைக் காப்பாற்றி வந்தது அந்த நாடகங்கள் நில்லாமல் ஓடியதுதான். அவை நிற்கத் தொடங்கினால் அவர் ஓட முடியாது.

நேரே 'வேண்டாம்' என்று சொல்லவும் வழியில்லை. இருபத்திரண்டு வருடக் கலியாணத்தில் அவர் சொன்ன ஒரு 'வேண்டாம்' கூட உயிர் தப்பியதில்லை. ஆனால் இழுத்தடிக்க அவரால் முடியும். கண்டிக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், சாமான் வாங்கும் பகுதிக்குப் பெரிய கிளார்க் அவர். 'கொட்டேஷன்' பாலேந்திரன் என்றுதான் பெயர். ஒருவர் ஒரு மேசை கேட்டார். பாலேந்திரன் கொட்டேஷன் எடுத்து, ஒப்பிட்டு, திருப்பி அனுப்பி, மறுபடி ஒப்பிட்டு முடிப்பதற்குள் கேட்டவர் பென்ஷனில் போய்விட்டார். மேசை இன்னும் வரவில்லை.

"வாங்குவம் ஞானம், ஏன் வாங்காமல்?" என்றார். "ஆனால் ஒப்பிட்டுப் பாத்துத்தான் வாங்கவேணும்."

"ஒப்பிடுங்கோவன்," என்றாள் அவள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கட்டுகஸ்தோட்டையில் டிஷ் கடை வைத்திருந்த மடவளை நளீர்தான் இரண்டு கம்பனிக்கும் ஏஜென்ட். ஒன்று சிவப்புப் பெட்டி, மற்றது நீலப் பெட்டி. பாலேந்திரன் சனிக்கிழமைதோறும் அங்கே போனார்.

"சிவப்பு பதினாலாயிரம் சேர்," என்றான் நளீர். "ஆனா பதியிறதுக்கு மாசம் ஐந்நூறு கட்டணும். நீலம் இருபத்திநாலாயிரம். மாசக் காசு ஒண்ணும் இல்ல. சிவப்புல நீங்க பாக்குற சனலைத்தான் பதியலாம். நீலத்துல ஒண்டைப் பாத்துக்கிட்டே இன்னொண்டைப் பதியலாம். எடமும் ரெண்டு மடங்கு ஈக்கி."

"நடுவிலை நிப்பாட்டுறது?"

"ரெண்டுலயும் ஈக்கி."

"நிப்பாட்ட ஏலாத பெட்டி ஏதும் இல்லையோ?"

நளீர் கல்குலேட்டரைக் கீழே வைத்தான். "எல்லாரும் நிப்பாட்டுற பெட்டிதான் கேக்குறாங்க சேர். நிப்பாட்டாத பெட்டி கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான்."

வீட்டு அலுமாரிக் கதவில் ஒரு பெரிய அட்டவணை ஏறியது. சிவப்பு 80, நீலம் 160 என்று கட்டம் கட்டமாக எழுதினார். வாரம் ஒரு கட்டம் கூடியது. உத்தரவாதம், வயரின் நீளம், மின்சாரம் போனால் என்ன, இடி விழுந்தால் என்ன.

"ஜீபி ஜீபி எண்டு எழுதியிருக்கிறியள். ஒரு ஜீபிக்கை எத்தினை நாடகம் போகும்?" என்று கேட்டாள் ஞானேஸ்வரி.

"அது நாடகத்தைப் பொறுத்தது. அழுகை கூடினால் இடம் கூடப் பிடிக்கும்."

"அப்ப நீலம்தான் வேணும்."

"அவசரப்படாதையும். ரிமோட்டின்ரை பாரம் இன்னும் ஒப்பிடேல்லை."

மாசி போனது, சித்திரை போனது, ஆடியும் போனது. பாலேந்திரன் வடை சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கண்டிப் பெரஹெரா ஊர்வலம் நெருங்கியது. வடக்கில் சண்டை உச்சத்தில் நின்ற வருடம். கண்டியில் தமிழ் வீடுகளில் தங்குவோர் எல்லாரும் பொலிஸில் பெயர் பதிய வேண்டும்; சரிபார்க்கப் பொலிஸ் வந்து கதவைத் தட்டும் காலம். ஒரு ஞாயிறு காலை பாலேந்திரன் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது. சார்ஜன்ட் ஒருவர், கேற்றடியில் துவக்கோடு இன்னொருவர். போன மாதம் கச்சேரியில் ஒருவரை இப்படித்தான் "ஐந்து நிமிஷம்" என்று கூட்டிப் போனார்கள். நாலாம் நாள்தான் விட்டார்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகு யாரோடும் பகிடி விட்டுச் சிரித்ததில்லை. பாலேந்திரன் ஓடிப்போய் அடையாள அட்டைகளை எடுத்துக் கொடுத்தார்.

சார்ஜன்ட் மன்னாரில் வேலை செய்தவராம். கொஞ்சம் தமிழ் வரும். கொட்டாவி விட்டபடியே கேட்டார்:

"வீட்டிலே பதியாத ஆள் யாரும் இருக்கா?"

குசினிக்குள் நின்ற ஞானேஸ்வரியின் காதில் ஒரு சொல்தான் விழுந்தது.

"பதியத்தானே ஏழு மாதமாய்க் கேக்கிறன்! இவர் விடுறாரில்லை, சேர்!"

சார்ஜன்டின் கொட்டாவி பாதியில் நின்றது. "யாரை பதிய விடல்லே?"

"நிர்மலாவை!"

"நிர்மலா யாரு? எங்கே இருக்கு?"

"அந்தப் பெட்டிக்குள்ளை, சேர்!"

கேற்றடியில் நின்றவர் உள்ளே வந்தார். பாலேந்திரன் இருவருக்கும் நடுவில் பாய்ந்தார். "டீவி, சேர், டீவி! நிர்மலா நாடகத்திலை வாற மருமகள்!" என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்தினார்.

அதற்குள் சார்ஜன்டின் கண் அலுமாரிக் கதவுக்குப் போய்விட்டது. "சிவப்பு எண்பது. நீலம் நூற்றறுபது. வயர் இருபது மீட்டர். இது என்ன மாத்தயா?"

பாலேந்திரன் சொன்னார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அவ்வளவு உண்மையை ஒரே மூச்சில் சொன்னதில்லை. நளீர் கடை, இரண்டு பெட்டி, விலை, மாசக் கட்டணம் எல்லாம் கொட்டினார்.

சார்ஜன்ட் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "எது நல்லம்?"

"நீலம், சேர்."

"விலை கூட தானே?"

"முதல் கூடத்தான் சேர். ஆனால் சிவப்புக்கு மாசம் ஐந்நூறு. ரெண்டு வருஷத்திலை அது இருபத்தாறாயிரம். நீலம் இருபத்திநாலோட முடிஞ்சுது."

"இது எப்ப தெரியும்?"

"மாசி மாசமே தெரியும், சேர்."

தேத்தண்ணித் தட்டோடு ஞானேஸ்வரி வாசலில் நின்றாள். பாலேந்திரன் அவளைக் கண்டது அந்த வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான்.

"பெப்ரவரியிலே தெரியும். இப்ப ஓகஸ்ட்," என்றார் சார்ஜன்ட். அவர் குரலில் சந்தேகம் மறுபடி தலைதூக்கியது. "அப்ப ஏன் இன்னும் வாங்கல்லே?"

"நல்லாய்க் கேளுங்கோ, சேர்," என்றாள் ஞானேஸ்வரி.

சட்டப்படி அவருக்கு மௌனம் காக்க உரிமை இருந்திருக்கலாம். பாலேந்திரன் அதை எடுத்துப் பார்க்கவில்லை. "நாளைக்கு வாங்குறன், சேர்."

"இண்டைக்கு," என்றாள் அவள். "நளீர் கடை ஞாயிறும் திறந்திருக்கும்."

சார்ஜன்ட் தேத்தண்ணியைக் குடித்தார். அட்டவணையைக் கழற்றி நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "நம்ம வீட்டு நோனாவும் ஒரு பெட்டி கேக்கிறா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீலப் பெட்டி அன்றே வந்தது. மறுநாள் மாலை ஐந்தரை. திரையில் நிர்மலாவை அறைய மாமி கையை ஓங்கினாள். பாலேந்திரன் சத்தம் போடாமல் சப்பாத்துக்குள் காலை விட்டார். ஞானேஸ்வரி ரிமோட்டை அமத்தினாள். மாமியின் கை அந்தரத்தில் நின்றது. பாலேந்திரனின் காலும்தான்.

"நில்லுங்கோ. நானும் நடக்க வாறன்."

அவள் கன்வஸ் சப்பாத்துப் போட்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் பாலேந்திரன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஹந்தானை வீதியில் ஏறினார். முதலாவது வளைவுக்கு முன்னமே மூச்சு வாங்கியது.

"தினமும் ஏறுற ஆள், ஏன் இப்பிடி மூசுறியள்?"

"இண்டைக்கு... காத்து... எதிர்."

ஒரு நாய் பாய்ந்து வந்து குரைத்தது. அவளைப் பார்த்து அல்ல.

"இந்த நாய்க்கு உங்களைத் தெரியேல்லையே?"

"புது நாய் போலை."

தேயிலை தொடங்கும் இடத்தில் ஒரு பெட்டிக்கடை. பாலேந்திரன் மரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். கடைக்காரர் இரக்கத்தோடு ஒரு போத்தலை நீட்டினார். "ஐயா இந்தப் பக்கம் புதுசுங்களா? பார்த்ததே இல்லீங்களே."

"கண்ணாடி போடாமல் வந்திட்டன். அதுதான் அவருக்கு அடையாளம் தெரியேல்லை," என்று மனைவியிடம் விளக்கம் சொன்னார் பாலேந்திரன்.

இருவரும் இறங்கினார்கள். வீட்டு வாசல் வந்தது. அவள் நிற்காமல் நடந்தாள். ஒரு ஒழுங்கை, இரண்டாவது ஒழுங்கை.

"எங்கை போறீர், ஞானம்?"

"உங்கடை ஹந்தானைக்கு."

விவேகானந்தன் வீட்டு முன்னறையில் மூன்று பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். யாரும் திடுக்கிடவில்லை. "வாரும் ஞானம், பாத்துக்கொண்டு இருக்கிறம்," என்றாள் பத்மாதேவி.

"உமக்கு எப்ப தெரியும்?" பாலேந்திரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"முதல் கிழமையே பத்மாதேவி சொல்லிப்போட்டா. நாடகத்தை விட்டிட்டு வரேலாமல்தான் இவ்வளவு காலமும் பொறுத்துக்கொண்டு இருந்தனான்."

சொல்லிக்கொண்டே அவருடைய கதிரையில் உட்கார்ந்தாள். சுன்னாகத்தில் நாலு அண்ணன்மாரோடு சீட்டு விளையாடி வளர்ந்தவள் அவள். கையில் வந்த சீட்டை ஒருதரம் விரித்துப் பார்த்துவிட்டு, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கண்ணை இமைக்காமல் பெரிய கேள்வியாய்க் கேட்டாள். வென்றாள். அடுத்த கையும் வென்றாள். இராமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வடைத் தட்டு பாலேந்திரனைத் தாண்டி அவளிடம் போனது.

"அப்ப நான்?" என்று கேட்டார் பாலேந்திரன்.

விவேகானந்தன் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "குறை நினையாதை மச்சான். இத்தனை மாதத்திலை எனக்கு ஒரு சோடி கிடைச்சது இண்டைக்குத்தான்."