பொலித்தீன் பிரிக்காத பெருமான்

பொலித்தீன் பிரிக்காதவர் என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. புதுச் சாமான் வீட்டுக்கு வந்தால் மற்றவர்களுக்குக் கை பரபரக்கும், இவருக்கு நெஞ்சு படபடக்கும். மெத்தை வைத்த செட்டிக் கதிரை வாங்கினால் கடையில் சுற்றிக் கொடுத்த உறையோடுதான் உட்காருவார். எங்கள் லிந்துலை மலைக் குளிரில் அதில் உட்காருவது பனிக்கட்டியில் உட்காருவது போலத்தான். அசைந்தால் ‘சரக் சரக்’ என்று சத்தம் போட்டு மானத்தை வாங்கும், எழுந்தால் கூடவே எழுந்துவரும். இருந்தாலும் கழற்ற மாட்டார். “கழட்டினா அழுக்காயிருமுங்க” என்பார். அழுக்காவதற்குத்தானே ஐயா வாங்கினோம்? கேட்டுப் பாருங்கள். குடும்பத்தைக் கெடுக்க வந்தவர் என்று உங்களைப் பார்ப்பார்.

இந்த இனத்தின் முடிசூடா மன்னர் செல்லசாமி. லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். நல்ல மனிதர், வாய்மை உள்ளவர், ஓர் ஆணி காணாமல் போனாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அவருடைய சாமான் அறையில் எல்லாம் இருக்கும். எதுவும் வெளியே வராது. அவ்வளவுதான் குறை.

கொழுந்து அரைக்கும் இயந்திரங்கள் இருக்கிற ரோலிங் ரூமில் எண்ணெய் கசிவது புதிதல்ல. கசிந்தால் பழைய சாக்கைப் போட்டு மிதித்து இழுப்பார்கள். சாக்கு பாதியைக் குடிக்கும், மீதியைத் தரையெல்லாம் பூசிவிட்டுப் போகும். அப்படிப் பூசிய தரையில்தான் அங்கே வேலை செய்கிற நாகலெட்சுமி ஒருநாள் சறுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். அதன்பிறகு கம்பனிக்கு ஞானம் பிறந்து, கொழும்பிலிருந்து ஓர் இயந்திரத்தை அனுப்பிவைத்தது. சக்கரம் வைத்த வெள்ளி நிற உருளை, நல்ல தொந்தி, தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். மின்சாரத்தைக் கொடுத்தால் தரையில் கிடக்கிற எண்ணெயை அப்படியே உறிஞ்சி வயிற்றில் போட்டுக்கொள்ளும்.

கொடுத்தால்தானே!

வந்த அன்றைக்கே செல்லசாமி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொட்டார், தொட்ட இடத்தைத் துடைத்தார். சாமான் அறையின் நல்ல மூலையில் பொலித்தீன் பிரிக்காமல் நிறுத்தினார். ஆயுதபூசைக்கு மட்டும் நெற்றிப் பக்கம் பொலித்தீனைக் கொஞ்சம் விலக்கிச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. கற்பூரம் காட்டும்போது எல்லாரும் கும்பிட்டார்கள். நாகலெட்சுமி கட்டுப் பிரித்த கையால் கும்பிட்டார். சாமியைக் கும்பிடலாம், வேலை சொல்ல முடியுமா?

சின்னக் கசிவு என்றால் ஜீவராணி வந்து நிற்பாள். ரோலிங் ரூமில் வேலை செய்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

“ஐயா, அந்த மெசினைத் தாங்கய்யா.”

“இத்துனூண்டு எண்ணெய்க்கு மெசினா? ஏம்புள்ள, சாக்கப் போடு!”

கொஞ்சம் பெரிய கசிவு என்றாலும் வருவாள்.

“இப்பத் தாங்கய்யா.”

“இம்புட்டு எண்ணெயில விட்டா மெசின் என்னத்துக்கு ஆவும்? புதுச் சாமான் புள்ள!”

ஆக, அந்த இயந்திரத்துக்கு ஏற்ற அளவில் எண்ணெய் கொட்ட இன்னும் யாரும் பிறக்கவில்லை.

இதற்கிடையே செல்லசாமிக்கு ஒரு கவலை வந்தது. அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் எண்ணெய்ப் பீப்பாயும் இருந்தது. எண்ணெய் இறைக்கும்போது ஒரு சொட்டுத் தெறித்து இயந்திரத்தின் மேல் பட்டுவிட்டால்? எண்ணெய் உறிஞ்ச வந்த இயந்திரத்தின் மேல் எண்ணெய் படலாமா! பீப்பாயை அறைக்கு வெளியே நகர்த்தி, ரோலிங் ரூம் வாசல் படிக்குப் பக்கத்தில், முட்டுக்கு ஒரு பலகையைச் சாய்வாகக் கொடுத்து நிறுத்தவைத்தார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை பலகை வழுக்கியது. பீப்பாய் உருண்டது. மூடி எங்கேயோ போனது. கறுப்பு எண்ணெய் சாவகாசமாகப் படியிறங்கி ரோலிங் ரூமுக்குள் நடந்து வந்தது.

மேல்மாடியில் கொழுந்து பதமாக வாடி, கீழே இறக்கக் காத்திருந்தது. பதம் தப்பினால் முந்தின நாள் அத்தனை பேர் மழையில் நனைந்து பறித்தது அத்தனையும் வீண். எண்ணெய்த் தரையில் இறக்கவும் முடியாது, தேயிலை எந்த வாடையையும் உடனே பிடித்துக்கொள்ளும். டீமேக்கர் வினோஜன், அங்கே எல்லாருக்கும் மேலதிகாரியான பையன், தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தான்.

“செல்லசாமி அண்ணே, மெசினை எடுங்க!”

“சாக்கு இருக்குங்க டீமேக்கர் ஐயா, நல்ல சாக்கா ஒரு கட்டு...”

“சாக்கப் போட்டு இழுத்தா பொழுது சாஞ்சிரும். கொழுந்து நாசமாப் போயிருமுண்ணே!”

அதற்குள் ஜீவராணியும் நாகலெட்சுமியும் சாமான் அறைக்குள் புகுந்து இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். சக்கரம் அழகாக உருண்டது. செல்லசாமிக்கோ, பெற்ற பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது. உண்மையாகவே கண் கலங்கிவிட்டது, பாவம்.

“நில்லுங்க! பொலித்தீனோட விடுங்க! பொலித்தீனோட!” என்று கத்திக்கொண்டு குறுக்கே பாய்ந்தார்.

பாய்ந்தது படியில். படியில் இருந்தது எண்ணெய். வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாகச் செல்லசாமி மல்லாக்க விழுந்து, ரோலிங் ரூமின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு ராஜபவனி போனார். சுவரில் கால் முட்டி நின்றபோது அவருக்குப் பின்னால் தரையில் சுத்தமாக ஒரு பாதை தெரிந்தது.

நாகலெட்சுமிதான் முதலில் ஓடிவந்தார். “ஐயோ, கை முறிஞ்சிருச்சா ஐயா? கையப் பாருங்க, கையப் பாருங்க!” என்று அவர் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். விழுந்த வலி தெரிந்தவர் அல்லவா? கைக்கு ஒன்றுமில்லை. காலுக்கும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் ஜீவராணி வாயைத் திறந்தாள்.

“ஐயா, பாதி எண்ணெய நீங்களே உறிஞ்சிட்டீங்க. மீதிக்காச்சும் மெசினைத் தாங்கய்யா!”

ரோலிங் ரூம் அதிர்ந்தது. வினோஜன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். செல்லசாமி எண்ணெய் சொட்டச் சொட்ட எழுந்து உட்கார்ந்து, நாகலெட்சுமியின் மணிக்கட்டைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார் என்று சொன்னால் தப்பில்லை. பிறகு, “பிரிங்க” என்றார். “மெல்லப் பிரிங்க” என்றார்.

பிரித்தார்கள். பூசைக் குங்குமம் நெற்றியில் கட்டியாக உறைந்திருந்தது. மின்சார ஆளியைத் தட்டியதும் இயந்திரம் உறுமியது பாருங்கள், அப்படி ஓர் உறுமல்! தும்பிக்கை போன பக்கமெல்லாம் சீமெந்துத் தரை பளிச்சென்று வந்தது. ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரத்தில் எண்ணெய் முழுக்க அதன் வயிற்றுக்குள். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து அதையும் உறிஞ்ச வைத்தார்கள், வாடையும் போனது. கொழுந்து பதம் கெடாமல் இறங்கியது.

செல்லசாமி திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள்.

“பாத்தீங்களாய்யா, என்னா இழுப்பு இழுக்குது!” என்றாள் ஜீவராணி.

செல்லசாமி முகத்து எண்ணெயை வழித்துவிட்டு நிமிர்ந்து நின்றார். “இழுக்காம? இத்தன நாளாப் பத்திரமா வச்சிருந்தது யாரு?”

அத்தோடு விட்டாரா? இனி இயந்திரம் வெளியிலேயே நிற்கட்டும் என்று தாராளமாக அனுமதி கொடுத்துவிட்டு, கழற்றிய பொலித்தீனை எடுத்துப்போய்க் கழுவி, காயவைத்து, சுருக்கம் விழாமல் மடித்தார். தூசி படக்கூடாது என்று அதை இன்னொரு பொலித்தீனில் போட்டு, இயந்திரம் நின்ற அதே நல்ல மூலையில் வைத்துப் பூட்டினார்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி. போன தீபாவளிக்கு உங்கள் மகள் முதல் சம்பளத்தில் ஆசை ஆசையாக வாங்கித் தந்த சட்டை எங்கே? ஒரு நல்ல நாளுக்கென்று அலுமாரியில், பெட்டியோடு, குத்திய ஊசிகூட எடுக்காமல் வைத்திருக்கிறீர்கள். “போட்டீங்களாப்பா?” என்று அவள் கேட்டதற்கு, “பத்திரமா இருக்கும்மா” என்று பெருமையாகச் சொன்னீர்கள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தீர்களா? எழுந்து போய் இப்போதே அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தொந்தியை மீறிப் பொத்தான் இன்னும் பூட்ட வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.