பாதிப் படத்தின் முழுநேர நடிகர்

லாஸ் ஏஞ்சலீஸில் பல்லியைவிடப் பரவலாகக் காணப்படும் ஓர் உயிரினத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். பெயர், பாதிப் படத்தின் முழுநேர நடிகர். ஒரு நாவலைப் படமாக்குகிறோம் என்று யாரோ கிளம்புவார்கள். அதில் ஏதோ ஒரு மாநிலத்து ஆளாக நடிக்க இவரைப் பிடிப்பார்கள். இவரும் அந்த மாநிலத்துப் பேச்சை நாக்கில் ஏற்றிக்கொண்டு, ஏற்றியது இறங்கிவிடக் கூடாதே என்று காலையில் பல் விளக்கும்போதும் அதிலேயே கொப்பளித்துக்கொண்டு, படப்பிடிப்புக்குப் போய்ப் பாதிக் கதையை நடித்து முடிப்பதற்குள் படம் படுத்துவிடும். பேச்சு படுக்காது. அதுதான் இந்த இனத்தின் அடையாளம்.

காபிக் கடை வரிசையில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கொஞ்சம் பால் ஊற்று என்பதையே மாட்டுப் பண்ணையை விற்றுவிட்டு வந்தவர் மாதிரிச் சொல்வார். "உங்களுக்கு எந்த ஊர்?" என்று தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். தோள்பையிலிருந்து அந்த நாவல் வெளியே வரும். தலையணைக் கனம், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் கோடு. "படம் நின்னுபோச்சாமே?" என்று கேட்பது அதைவிட ஆபத்து. எங்கள் ஊரில் எந்தப் படமும் நிற்பதில்லை ஐயா. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். உரிமை விஷயம் மட்டும்தான் பாக்கி. பெரிய கை ஒருவர் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாரோ என்னவோ, வருஷக்கணக்கில் படித்துக்கொண்டே இருக்கிறார்.

நானும் நடிகன்தான், மறுக்கவில்லை. ஆனால் பிணமாக நடிப்பதில் பேர் வாங்கியவன். பிணம் எந்த மாநிலத்ததானாலும் உச்சரிப்பு ஒன்றுதான். நிம்மதியாக இருக்கலாம் என்று ஊரை ஒட்டிய பர்பாங்கில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தால், எதிர்வீட்டில் வெண்டல் சோரென்சன்!

வெண்டல் பிறந்தது மினசோட்டாவில், ஏரிக்கரையில், குளிர்காலத்தில் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற ஊரில். படத்தில் கிடைத்த வேடமோ மேற்கு வர்ஜீனியா மலையில் நிலக்கரி வெட்டுகிறவர். நாவலில் சுரங்கம் இடிந்து விழ வேண்டும். அதற்கு முன்னால் தயாரிப்பாளர் விழுந்துவிட்டார். ஆகவே மனிதர் இன்னும் சுரங்கத்துக்குள்ளேயே நிற்கிறார். ஒரு சொல்லை அவர் இழுத்து முடிப்பதற்குள் நம் காபி ஆறிவிடும். ஒருமுறை பல் பிடுங்கப் போனார். பிடுங்குகிற பெண்மணி மேற்கு வர்ஜீனியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். இவர் சும்மா இருந்தாரா? வாய்க்குள் குறடு இருக்கும்போதே, "நீங்க சொல்றது தப்புங்க, எங்க மலையில அந்த வார்த்தையை இன்னும் கொஞ்சம் இழுப்போம்" என்று அவருக்கே பாடம் எடுத்திருக்கிறார். அந்த அம்மாள் மரத்துப்போகும் ஊசியை இன்னொன்று போட்டாராம். நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போதெல்லாம் எங்கள் தொழிலில் யாரும் யாரையும் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. வீட்டுச் சுவரில் நீலத் துணியைக் கட்டி, எதிரே செல்போனை நிறுத்தி, நாமே நடித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். எதிராளியின் வசனத்தைப் போனுக்குப் பின்னால் உட்கார்ந்து யாராவது வாசிக்க வேண்டும். வெண்டலுக்கு வாசிப்பவன் அடியேன்.

ஒருநாள் காலையில் அவர் கதவைத் தட்டவில்லை, இடித்தார்.

"ஏஏஏம்ப்பா! வேஷம் வந்திருக்கு! மினசோட்டா ஏரிக்கரையில தூண்டில் கடை வச்சிருக்கிற ஆளு! டிவித் தொடர்! பாதி எடுத்தாச்சாம், ஒளிபரப்பத் தேதியே குறிச்சாச்சாம்!"

முடியப்போகிற ஒரு வேலை! எங்கள் தெருவில் அப்படியொன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நான் அவரைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

"ஆனா ஒண்ணுப்பா," என்று அவர் குரல் தணிந்தது. "இதுவும் போச்சுன்னா வேற ஏஜெண்டைப் பாத்துக்கோன்னு என் ஏஜெண்ட் சொல்லிட்டாரு. இந்த வயசுல என்னை வேற யாருப்பா சேர்த்துக்குவா?"

"அட, உங்க சொந்த ஊர்ப் பேச்சு! இதுக்குப் போய் பயப்படலாமா?"

பயப்பட்டிருக்க வேண்டும். நீலத் துணிக்கு முன்னால் நின்று அவர் வாயைத் திறந்தார். தூண்டில் கடைக்காரர் நிலக்கரி வெட்டினார். மறுபடி எடுத்தோம். மறுபடி நிலக்கரி. சாயங்காலம் வரை தோண்டினோம், ஒரு மீனும் வரவில்லை.

மறுநாள் உச்சரிப்பு சொல்லித்தரும் மிஸ் ப்ரூயிட்டிடம் ஓடினார். மினசோட்டாக்காரர் மினசோட்டாப் பேச்சைப் படிக்கக் கட்டணம் கட்டிய வைபவத்தை என் வாழ்நாளில் பார்த்துவிட்டேன். திரும்பி வந்தபோது உதட்டைக் குவித்துக் குவித்துப் பேசினார். தூண்டில் விற்கிறவரா, மீனேதானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"பேசாம உங்க அம்மாவுக்குப் போனைப் போடுங்க. அவங்க பேசுறதைக் கேட்டாலே நாக்கு திரும்பிடும்" என்றேன்.

போட்டார். ஒலிபெருக்கியில் ஆர்டிஸ் அம்மாள்.

"யாரு?"

"நாஆஆன்தாம்மா, வெண்டல்."

"போன வாரமும் உன்னை மாதிரி ஒருத்தன், உங்க பையன் ஜெயில்ல இருக்கான், காசு அனுப்புங்கன்னான். வைடா போனை!"

வைத்துவிட்டார். மறுபடி போட்டு நான் சாட்சி சொன்னேன். "அம்மா, இது உங்க பையனேதாங்க. சத்தியமா."

"அப்ப ஏன்டா இப்படிப் பேசுற? பல்லு கில்லு கட்டிட்டியா? சரி, நல்லவேளை கூப்பிட்ட. அப்பாவோட படகைப் பக்கத்து வீட்டு ஆர்விட்டுக்குக் குடுத்துட்டேன்."

வெண்டல் நாற்காலியோடு எழுந்தார்.

"ஊஃப்டா!" இது அந்த ஊர் அடக்கடவுளே. "பச்சைப் படகையா? ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது? அந்த ஆர்விட்டுக்குத் துடுப்பை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாதேம்மா!"

"நீ வந்து ஓட்டுறியா? அப்பா போனப்புறம் ஒரு தடவை எட்டிப் பாத்தியா? கிடந்து மக்குதுடா!"

"வர்றேன்மா! இந்தக் கோடைக்கு வர்றேன்! முதல்ல படகைத் திருப்பி வாங்கி வை!"

ஐயோ, அதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள்! இழுவை இல்லை, குவிப்பு இல்லை. வெடுக் வெடுக்கென்று, உருண்டையாக, மூக்கு நுனியில் குளிரோடு, சுத்தமான ஏரிக்கரைப் பேச்சு! நான் போனைப் பிடுங்கி, அம்மாவின் அழைப்பை அணைத்து, நீலத் துணிக்கு எதிரே நிறுத்தி, "இதே வாய்! இதே கோபம்! வசனத்தைச் சொல்லுங்க!" என்று கத்தினேன். சொன்னார். ஒரே தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிணமாக நடிப்பவன் அழலாமா? அழுதேன்.

வெண்டல் பதிவைப் போட்டுப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதுல நடிப்பே இல்லையேப்பா. சும்மா நான் பேசுற மாதிரி இருக்கு."

"அதைத்தானே அவங்க கேக்குறாங்க, மனுஷா!"

"பயிற்சி எடுத்த மாதிரியே தெரியலை. மிஸ் ப்ரூயிட் பாத்தா என்ன நினைப்பாங்க?"

நான் கெஞ்சினேன், திட்டினேன், காலில் விழாத குறைதான். அவர் அதை அழித்தார். உதட்டைக் குவித்துக்கொண்டு புதிதாக ஒன்றை நடித்து, அதை அனுப்பிவிட்டு, திருப்தியாக ஒரு சாண்ட்விச் சாப்பிட்டார்.

பதில் சீக்கிரமே வந்தது. நடிப்பு அருமையாம். ஆனால் அந்தப் பக்கத்து ஆள் இல்லை என்பது பேச்சிலேயே தெரிந்துவிடுகிறதாம். வேடம் ஓர் ஆஸ்திரேலியருக்குப் போனது. ஏஜெண்டும் போனார். கோடையும் போனது, வெண்டல் ஊருக்குப் போகவில்லை. சுரங்கப் படத்துக்கு எந்த நிமிஷமும் கூப்பிடுவார்களாமே, எப்படிப் போவார்?

தொடர் ஒளிபரப்பானது. ஒருநாள் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் அம்மா கூப்பிட்டார். கை எல்லாம் எண்ணெய் என்று வெண்டல் ஒலிபெருக்கியில் போட்டார்.

"டேய் வெண்டல், வியாழக்கிழமை வருதே, அந்தத் தூண்டில் கடைத் தொடர், பாக்குறியா? அதுல வர்ற பையன் அப்படியே உன்னை மாதிரியே பேசுறான்டா. ஒரு வாரம்கூட விடாம பாக்குறேன். அவன் வாயைத் திறந்தா, நீ வீட்டுக்கு வந்துட்ட மாதிரி இருக்கு."

"அப்படியாஆஆம்மா" என்றார் வெண்டல்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். கிடைக்காத பதவிக்கு இப்போதே மேலதிகாரித் தொண்டையில் இருமிப் பார்க்கிறவர் நீங்கள் இல்லை. விசா வருவதற்கு முன்பே மூக்கால் பேசிப் பழகுகிறவரும் நீங்கள் இல்லை. அது உங்கள் மைத்துனர். ரொம்பச் சந்தோஷம். இருந்தாலும் உங்கள் அம்மா இப்போது எந்தத் தொடரை விடாமல் பார்க்கிறார் என்று மட்டும் ஒருமுறை விசாரித்து வையுங்கள்.