ஆறு மணிச் செய்தியும் ஆமையின் குழியும்

ஒரு காட்டில், நம் ஊரைப் போலவே, எல்லோருக்கும் பொதுவான ஒரு குட்டை இருந்தது. பொதுவானது என்பதால் அதில் இடுப்பளவு சேறும் இருந்தது. மழைக்கு முன் தூர்வாராவிட்டால் தண்ணீர் நிற்காது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டாவது மலைக்கு அப்பால் ஆற்றுக்கு நடந்துவிடுவார்கள். செங்கமலம் என்ற ஆமைக்குத்தான் உயிர்ப் பிரச்சினை. அவள் போய்ச் சேர்வதற்குள் ஆறே வற்றிவிடும்.

ஆரம்பத்தில் வேலை சுமாராக நடந்தது. யார் வந்தார், யார் வரவில்லை என்பதைக் காகம் தன் இஷ்டத்துக்குச் சொல்லிப் போகும். மானுக்கு இன்று தெரிந்தால் முயலுக்கு நாளைதான் தெரியும். "எல்லாரும் போறாங்களே, நான் எதுக்கு?" என்று ஒருவர் படுக்கும்போது, "ஒருத்தரும் போகலையாமே!" என்று இன்னொருவர் கூடையோடு கிளம்புவார். எந்த நாளும் நாலு பேராவது சேற்றில் நின்றார்கள்.

குட்டைச் சீரமைப்புக் குழுத் தலைவரான நரியாருக்கு இது பொறுக்கவில்லை. வேலை தானாக நடந்தால் தலைவர் எதற்கு? விழா எடுத்து, எல்லோருக்கும் ஒரு செல்போன் கொடுத்தார்.

"தினம் காலைல ஆறு மணிக்கு, நேத்து எத்தனை பேர் வந்தாங்கன்னு செய்தி வரும். பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

காடு கைதட்டியது. நானும் தட்டியிருப்பேன். செல்போன் இலவசம்.

விழாவுக்குக் காடே வந்திருந்ததால் முதல் செய்தி இப்படி வந்தது: "நேற்று எல்லோரும் வந்தார்கள்."

"நான் ஒருத்தன் போகலைன்னா குடியா முழுகிடப் போகுது?" என்று கரடி திரும்பிப் படுத்தது. அதே நொடியில் மொத்தக் காடும் அதையே சொல்லித் திரும்பிப் படுத்தது. மறுநாள், "நேற்று ஒருவரும் வரவில்லை" என்று செய்தி. மொத்தக் காடும் அலறிக்கொண்டு குட்டையில் இறங்கியது. யானை அள்ளிய சேற்றைப் பன்றி மிதித்து உள்ளே தள்ளியது. குரங்கின் வாலை யாரோ கூடையோடு சேர்த்து அள்ளினார்கள். மாலையில் சேறு முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. அடுத்த நாள் மறுபடியும் ஈ, காக்காய் இல்லை. இப்படியே ஒரு நாள் கூட்டம், ஒரு நாள் தூக்கம்.

செங்கமலத்துக்குச் செய்தியைத் திறக்கவே ஒரு நாள் ஆகும். அதனால் காடு அலறிய நாளில் அவள் படுத்திருந்தாள். காடு படுத்த நாளில் அலறி ஓடிவந்து, அதாவது அவள் கணக்குக்கு ஓடிவந்து, தனியாக ஒரு மூலையில் தோண்டினாள்.

"ஏன்க்கா, நீங்க ஊரோட சேரவே மாட்டீங்களா?" என்று அந்த வழியாகப் போன முயல் கேட்டது.

"இப்பத்தான் பார்த்தேன் தம்பி. ஒருத்தரும் வரலையாமே. மனசு கேக்கலை."

மழை வந்தது. குட்டையில் விழுந்த தண்ணீர் சேற்றோடு குழம்பி வழிந்து ஓடிவிட்டது. ஆமை தோண்டிய மூலைக் குழியில் மட்டும் தெளிந்து நின்றது. அடுத்த மழைவரை ஓர் ஆமைக்குத் தாராளமாகப் போதும்.

மறுநாள் ஆறு மணிக்குச் செய்தி: "ஆமையின் குழியில் தண்ணீர் நிற்கிறது. இது நம் அனைவரின் உழைப்புக்குக் கிடைத்த வெற்றி. இப்படிக்கு, தலைவர்."

காடு முழுவதும் ஒரே நேரத்தில் படித்தது. ஒரே நேரத்தில் முடிவெடுத்து, தண்ணீர் குடிக்கக் குழிக்கு ஓடியது. செங்கமலத்துக்காக நான் அழத்தான் வேண்டும். என்ன செய்வது, செல்போன் கையில் இருந்திருந்தால் யானைக்கு முன்னால் நான்தான் நின்றிருப்பேன்.

அதற்கு மறுநாள் செங்கமலம் அந்தச் செய்தியைத் திறந்தாள். சந்தோஷம் தாங்காமல், ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நீதி: பொதுவேலைக்குத் தாமதமாகப் போ, தண்ணீர் குடிக்க முந்திப் போ. தயவுசெய்து இதை எல்லோரும் ஒரே நாளில் பின்பற்ற வேண்டாம்.