முதுகில் வீடு, முகத்தில் தண்ணீர்

ஒரு காட்டில் ஆற்றைக் கடக்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. சீட்டுக் கொடுக்க மூன்று சன்னல்கள். சன்னலுக்கு ஒரு முயல். வெயிலில் முயல்கள் அடிக்கடி மயங்கி விழுந்தன. ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் விசிறப் போய்விடும். வரிசை அப்படியே நிற்கும்.

பட்டணத்தில் கணினி நிரல் எழுதிவிட்டு வந்திருந்த நரி, சிங்க ராஜாவுக்கு ஒரு யோசனை சொன்னது.

"அங்கே ஒரே நேரத்துல பல நிரல் ஓடும், மகாராஜா. ஒண்ணு விழுந்தா மத்தது திரும்பிப் பார்க்காது. கண்காணிக்கிற நிரல் ஒண்ணு இருக்கும். விழுந்ததை எழுப்பி, முதல்லேருந்து ஓட விடும். ஏன் விழுந்தேன்னு கேட்காது."

"எழுப்ப எழுப்ப விழுந்தா?"

"மூணு தடவை எழுப்பும். அப்புறமும் விழுந்தா, கண்காணிக்கிறவரே விழுந்துடணும். அவரை எழுப்ப மேலே ஒருத்தர்."

அப்படியே ஏற்பாடாயிற்று. முயல்களுக்கு மேலே கரடி, கரடிக்கு மேலே யானை, யானைக்கு மேலே சிங்கம். மூவர் கையிலும் தண்ணீர்க் குடம். சிங்கத்துக்கு மேலே யார் என்று நரி சொல்லவில்லை. கேட்கும் தைரியமும் எவருக்கும் இல்லை.

வேலை நன்றாகவே நடந்தது. விழுந்த முயல், தண்ணீர் பட்டதும் நடந்ததை மறந்து எழுந்து "வாங்க" என்றது.

ஒருநாள் முதல் சன்னலுக்கு ஓர் ஆமை வந்தது. வயிறு நிறைய முட்டை. பொழுது சாய்வதற்குள் அக்கரை மணலில் இட்டாக வேண்டும்.

"வாங்கம்மா. வீடு எங்கே?"

"முதுகில."

"வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவங்களுக்குத்தான் சீட்டு."

"வந்துட்டேன். வீடும் கூடவே வந்திருக்கு."

"அப்போ வந்துட்டீங்க. ஆனா கிளம்பல. கிளம்பாம வந்துட்டீங்க..." என்று சொல்லிக்கொண்டே முயல் மயங்கி விழுந்தது.

கரடி தண்ணீர் தெளித்தது. முயல் எழுந்தது. "வாங்கம்மா. வீடு எங்கே?"

பின்னால் நின்ற கழுதைக்குப் பொறுக்கவில்லை. "அரசமரத்தடின்னு சொல்லித் தொலையேன், அக்கா. எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு."

"எனக்கும் இருக்கு. அதைத்தான் சொல்றேன்."

முயல் நான்காம் முறை விழுந்ததும், கரடி குடத்தை ஓரமாக வைத்துவிட்டு முறைப்படி விழுந்தது. யானை கரடியை எழுப்பியது; கரடி முயலை எழுப்பியது; முயல் வீடு எங்கே என்று கேட்டது. கரடியும் நான்காம் முறை விழவே, யானை விழுந்தது. ஒரு சன்னல் நொறுங்கியது. சிங்கம் யானையை எழுப்பி எழுப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் தானும் கண்ணை மூடிச் சாய்ந்தது. எழுப்ப ஆளில்லாமல் மற்ற இரு முயல்களும் வெயிலில் மயங்கிக் கிடந்தன.

"இப்போ யாரு எழுப்புறது?" என்றது கழுதை.

"என்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு ஆமை ஆற்றில் இறங்கியது. வரிசை முழுவதும் பின்னாலேயே இறங்கியது. நடை மெதுவானதால் ஒருவர் மட்டும் சன்னலடியிலேயே இருந்தார்.

ஆமை முட்டையிட்டு மணலை மூடியபோது மழை பிடித்தது. முதல் துளி சிங்கத்தின் மூக்கில் விழுந்தது. சிங்கம் யானையையும், யானை கரடியையும், கரடி முயல்களையும் எழுப்பின. எவருக்கும் எதுவும் நினைவில்லை.

முயல் உற்சாகமாக எட்டிப் பார்த்தது. "வாங்கய்யா. வீடு எங்கே?"

நத்தை மெல்லத் திரும்பி முதுகைக் காட்டியது.

நீதி: உண்மையே பேசு. கடைசி அதிகாரியும் மயங்கி விழும்வரை நிறுத்தாமல் பேசு.