எபா அம்மையாருக்கு நான்கு விரற்கடை குறைவு

டென்மார்க்கின் ஃபூனன் தீவிலுள்ள எங்கள் முதியோர் இல்லத்து உணவுக்கூடத்தில் இருபத்துநான்கு இருக்கைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மூன்றே கால்கள். கட்டடக்கலை மேதை ஈவர் ஸ்கோவ் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்றில் அவற்றை வடிவமைத்தருளினார். நான்காம் காலை அவர் துறந்த துறவை உலகம் இன்றளவும் வியக்கிறது. அவர் அவற்றில் ஒருமுறையேனும் அமர்ந்ததற்குச் சான்று இல்லை.

படகுத்துறையில் சீட்டு விற்று ஓய்வுபெற்ற எபா அம்மையார், வயது எண்பத்தொன்று, மார்ச் மாதத்தில் உப்பை எடுக்கச் சற்றே சாய்ந்தார், விழுந்தார். ஏப்ரலில் ஒருமுறை விழுந்தார். மே மாதத்தில் இருமுறை. அமர்ந்து உண்ணச் சாதாரண நாற்காலி ஒன்று வேண்டுமென விண்ணப்பித்தார். அதற்குமேல் அவருக்கு ஆசை ஏதும் இல்லை.

மரபுச்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து மோகென்ஸ் என்னும் அதிகாரி எழுந்தருளினார். வெண்கையுறை அணிந்து, இருக்கையைத் தடவிப் பார்த்தார்.

"அப்பாடா, கீறல் இல்ல."

"எனக்கு இடுப்புல இருக்கு தம்பி. காட்டவா?"

"வேண்டாம்மா. அது எங்க துறையில வராது."

"மூணு கால்ல எப்படிப்பா நிக்கும்?"

"மூணு இல்லம்மா, அஞ்சு. இருக்கைக்கு மூணு, உட்கார்றவங்களுக்கு ரெண்டு. எங்க மூணும் சரியாத்தான் இருக்கு. குறை உங்க ரெண்டுல."

அம்மையாரை அமர்த்தி அளந்தார். பாதங்கள் தரையைத் தொடாமல் தொங்கின. குறிப்பேட்டில் எழுதினார்: 'அமர்பவர், இருக்கைக்கு நான்கு விரற்கடை குறைவு.'

கப்பல் தச்சராயிருந்த ஹோல்கர் குறுக்கிட்டார். "எபா காலுக்கடியில ஒரு பலகை போடறேன். அரை மணி வேலை."

"பலகை போட்டா இருக்கையோட அழகு மறையும்."

"அப்ப நாலாவது கால் ஒண்ணு அடிச்சிடவா?"

மோகென்ஸின் முகம் வெளிறியது. "ஐயா, இது என் காதுல விழலன்னே வச்சுக்கறேன்."

"ஒரே ஒரு நாற்காலி கொடுத்துட்டுப் போயேன்ப்பா," என்றார் எபா.

"இருபத்துநாலோட ஒழுங்கு கெட்டுடும்."

"அப்ப நான் எங்க உட்கார்றது?"

"உட்காரணும்னு சட்டம் ஒண்ணும் இல்லையேம்மா."

அன்று முதல் அம்மையார் ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்து, கறுப்பு ரொட்டியையும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனையும் நின்றபடியே உண்டார்.

செய்தி இதழ்களில் வந்தது. கோபன்ஹேகனிலிருந்து ரசிகர்கள் பேருந்தில் வந்தார்கள். "எந்தப் பக்கமா விழுந்தீங்க?" என்று பணிவுடன் வினவி, அதே பக்கம் விழுந்தார்கள். மணிக்கட்டில் கட்டுப் போட்டவர்க்கு விருந்துகளில் முன்வரிசை கிடைத்தது. வசதியில்லாதவர்கள் வீட்டு நாற்காலியின் ஒரு காலை அறுத்துக்கொண்டார்கள். எங்கள் இல்லத்திலும் இதுவரை விழாதவர்கள் ரசனையற்றவர்கள் எனக் கருதப்பட்டனர். நான் ஜூலையில் விழுந்து மானத்தைக் காத்துக்கொண்டேன்; ஹோல்கருக்கு ஆகஸ்டில்தான் அப்பேறு வாய்த்தது.

நவம்பரில் மோகென்ஸ் மீண்டும் வந்து, இருக்கைகளைக் கவிழ்த்து ஸ்கோவின் முத்திரையைத் தேடினார். இருபத்துமூன்றில் இருந்தது. எபா அம்மையாருடையதில் இல்லை.

"நல்ல சேதிம்மா! உங்களுது போலி. எழுபத்தொண்ணாம் வருஷத்துல யாரோ மாத்தி வச்சிருக்காங்க. ஒழுங்கு அப்பவே கெட்டுப்போச்சு, இனிமே தடையே இல்ல. நாற்காலி வண்டியிலயே இருக்கு."

நாற்காலி வந்தது. தடித்த நான்கு கால்கள். குட்டையானது, அம்மையாரின் பாதம் தரையைத் தொடும்.

"போலியா?" என்றார் எபா. "நாலு தடவை விழுந்தவ நான்! இந்த ஊர்லயே முதல்ல விழுந்தவ! போலியில இருந்து இப்படி விழ முடியுமா?"

"எபா, உட்காரு. ரொட்டி காயுது," என்றார் ஹோல்கர்.

"நீ பேசாத. நீ விழுந்தது அசல்."

ஹோல்கர் தலைகுனிந்தார். மோகென்ஸ் நாற்காலியைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்.

தம் இருக்கையை அசலென அறிவிக்கக் கோரி, அம்மையார் ஜன்னலோரம் நின்றபடியே மேல்முறையீடு எழுதினார். சான்றாகத் தம் இடுப்பெலும்பின் எக்ஸ்ரே படத்தை இணைத்தார். அதன்கீழ் நாங்கள் இருபத்துமூவரும், அவரவர் விழுந்த தேதியைத் தகுதியாகக் குறித்து, கையொப்பமிட்டோம்.