நாற்பத்திரண்டாம் நிமிடத்து இருமல்

"இப்போது என்ன ஒலிப்பதிவு கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று மேனேஜர் ஆபீஸ் போன் குழுவில் கேட்டு நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. காலாட்டி இன்னும் பதில் போடவில்லை. என்னத்தைப் போடுவான், பாவம்! அந்த நேரத்தில் அவன் காதில் விழுந்துகொண்டிருந்தது வாஷிங் மெஷின் சத்தம் ஒன்றுதான்.

"அதைக் கொஞ்சம் நிறுத்தேன். யோசிக்கணும்" என்றான்.

"முதல்ல நீங்க காலை நிறுத்துங்க. கட்டிலே நடுங்குது" என்றாள் மனைவி.

அவனுடைய உண்மைப் பெயர் ஆபீஸில் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். உட்கார்ந்தால் வலது கால் ஆடும். பதற்றம் கூடினால் இடது காலும் சேர்ந்துகொள்ளும். அதனால் காலாட்டி. இந்த வினை ஆரம்பித்ததும் அந்தக் காலால்தான்.

அவன் வேலை பார்ப்பது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றின் உதவி அறையில். ஆறு மேசை, ஆறு போன். ஊரில் எங்காவது ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினால், ஆறில் ஏதோ ஒரு போன் அடிக்கும்; எது என்று எங்கும் பதிவாவதில்லை. எடுத்து, "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்கார்" என்று சொல்லி, ஆள் போய்ச் சேரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பதினோரு வருடமாகக் காலாட்டி எந்தப் போனையும் மூன்றாவது முறை அடிக்க விட்டதில்லை. அவனுடைய பதற்றத்தால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

போன மாதம் பழைய மேனேஜரை ஏதோ புகார் என்று தூக்கியடித்தார்கள். என்ன புகார் என்று மேலிடம் மூச்சு விடவில்லை. புதியவர் வந்த முதல் நாளே உதவி அறைக்குள் மெல்ல நடந்தார். காலாட்டியின் மேசை அருகே வந்ததும் குனிந்து அவன் காலைப் பார்த்தார்.

"தாளமா?"

மேனேஜர்களிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வாய். "ஆமா சார்" என்றது.

"செவ்வியல் இசையெல்லாம் கேப்பீங்களோ?"

"அதைத் தவிர வேற எதுவும் கேக்கறதில்லை சார்."

மேனேஜரின் முகம் மலர்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே 'காதில் இப்போது' என்று போனில் ஒரு குழு முளைத்தது. ஆறு பேரும் அதில் உறுப்பினர்கள். யார் என்ன செவ்வியல் ஒலிப்பதிவு கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ, தினமும் எழுத வேண்டுமாம். ஆறாவது மேசைக்காரர், நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம் என்பதால் மௌனசாமி என்று பெயர் வாங்கியவர், இரண்டே நிமிடத்தில் குழுவை விட்டு வெளியேறினார். "எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம்" என்று கடைசியாக ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்.

காலாட்டியால் அப்படிப் போக முடியாது. சூப்பர்வைசர் நாற்காலி காலியாக இருந்தது. சூப்பர்வைசருக்குக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை வேலை. காலாட்டிக்கோ மதியம் இரண்டு முதல் பத்து வரை. அவன் எழுந்திருப்பதற்குள் மகள் பள்ளிக்குப் போயிருப்பாள், திரும்புவதற்குள் தூங்கியிருப்பாள். ஐந்து வயது. போன வாரம் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். அம்மா நிற்கிறாள், பூனை ஓடுகிறது, அப்பா படுத்திருக்கிறார். அப்பாவின் கண்கள் மட்டும் இரண்டு கோடு. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"என் அண்ணனைக் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

அவளுடைய அண்ணன் ஒரு சங்கீதப் பைத்தியம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீட்டில் ஒலிப்பதிவுகள்தான் இரண்டு பீரோ நிறைய இருந்தன. எந்தக் கச்சேரி எத்தனை நிமிடம், எந்த இடத்தில் தந்தி அறுந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார் என்பதால் எட்டு வருடமாக அவர் போனைக் காலாட்டி எடுத்ததில்லை.

"மாப்பிள்ளை! நீங்களா?" மச்சானின் குரல் தழுதழுத்தது. "என்கிட்ட சங்கீதம் கேக்கறீங்களா? நான் என்ன புண்ணியம் பண்ணேனோ!"

"மச்சான், சுருக்கமா. ஒரே வரி போதும்."

மச்சான் சுருக்கமாக முக்கால் மணி நேரம் பேசினார். அதிலிருந்து ஒரு வரியைப் பிய்த்து எடுத்துக் காலாட்டி குழுவில் போட்டான்: "குரலிசை. இருபத்தெட்டு நிமிடம். தம்பூராவே அழுகிறது."

மேனேஜரின் பதில் உடனே வந்தது. "அருமை. காதில் மாட்டிக் கேட்பீர்களா, ஸ்பீக்கரிலா?"

மறுபடி மச்சான். மச்சானின் வாக்கு அப்படியே குழுவுக்குப் போனது: "ஸ்பீக்கரில்தான் சார். காதில் மாட்டினால் சங்கீதம் மூளைக்குப் போகும், மனசுக்குப் போகாது."

மறுநாள் மௌனசாமி அவன் மேசைக்கு வந்தார். கையில் ஒரு சின்னக் கறுப்பு ஸ்பீக்கர். "வச்சுக்கப்பா. வீட்டுல சும்மா கிடந்தது. உனக்குத்தான் பொருத்தம்" என்று சொல்லி, அதை அவன் போனுக்குப் பக்கத்தில் தானே நிறுத்திவைத்துவிட்டுப் போனார். பதினோரு வருடத்தில் அவர் இவனுக்குக் கொடுத்த முதல் பொருள். காலாட்டிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எத்தனை தங்கமான மனிதர்!

மேனேஜர் அந்தப் பக்கம் வந்தபோது ஸ்பீக்கரைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். காலாட்டியின் இரண்டு காலும் ஆடின.

நாலு நாள் இப்படி ஓடியது. மற்ற நாலு பேரும் ஏதோ சினிமாப் பாட்டைப் போட்டு மாட்டிக்கொண்டு அடங்கிவிட்டார்கள். குழுவில் மிச்சம் இருந்தது மேனேஜரும் காலாட்டியும்தான். அப்போது மேனேஜர் ஒரு நீளமான செய்தி போட்டார்.

"ஒரு ஒலிப்பதிவை வெகுநாளாகத் தேடுகிறேன். தனி வயலின். மிக நீளமானது. நடுவில் கூட்டத்தில் யாரோ இருமுவார்கள். நம்மில் யாரிடமாவது இருக்கிறதா?"

காலாட்டி செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் மச்சான் வீட்டுக்கு ஓடினான்.

"இருமல் வயலின்!" மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யாருய்யா அந்த ரசிகர்? ஒரு மணி நாப்பது நிமிஷம் மாப்பிள்ளை. நாப்பத்திரண்டாவது நிமிஷத்துல இருமல். வறட்டு இருமல். கடையில எங்கேயும் கிடைக்காது. நான் மூணே பேருக்குத்தான் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒருத்தர் போய்ச் சேர்ந்துட்டார். ஒருத்தர் வெளிநாடு. மூணாவது ஆளும் உங்களை மாதிரி எங்கேயோ போன் எடுக்கிற வேலைதான், வாயே திறக்க மாட்டார், அவர் பேரு..."

"மச்சான், பேரெல்லாம் அப்புறம். பிரதியைக் கொடுங்க!"

"அதை ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டுட்டுச் சொல்லுங்க. ஏதாவது எக்குத்தப்பா ஆகிடப்போகுது" என்றாள் மனைவி. நியாயமான பேச்சு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டான். நாலாவது நிமிடம் கால் நின்றது. ஐந்தாவது நிமிடம் தலை சாய்ந்தது. கண் விழித்தபோது பக்கத்தில் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தான். மறுபடியும் இரண்டு கோடு.

"அப்பாவுக்கு வேற வேலை கிடைக்கப்போகுதுடா கண்ணு. இனிமே சாயங்காலம் எல்லாம் முழிச்சுக்கிட்டே இருப்பேன்."

"அப்போ கண்ணைத் திறந்து வரையலாமா?"

அதற்கப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? போனை எடுத்துத் தட்டினான்: "அந்த ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது சார். அது என் உயிர். இந்த ஊரிலேயே வேறு யாரிடமும் இல்லை."

திங்கள்கிழமை மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். குரலில் அத்தனை கனிவு.

"அந்த வயலின்... வீட்டுல மட்டும்தான் கேப்பீங்களா? சும்மா சொல்லுங்க, நானும் ரசிகன்தான்."

காலாட்டி தடுமாறினான். வீட்டில் மட்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை ரசிகன் என்று நினைத்துவிடுவாரோ?

"ஆபீஸ்லயும் சார். எப்பவாவது. சத்தம் குறைச்சு வச்சு."

"போன மாசம்கூட?"

"போன மாசம்கூட சார்!"

"முழுசாவா?"

"நடுவுல நிறுத்தறது பாவம் சார்."

"நடுவுல போன் அடிச்சா?"

வாய் இருக்கிறதே வாய், அது அன்று யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. "நிஜமான ரசிகனுக்கு அதெல்லாம் காதுல விழாது சார்" என்றது.

மேனேஜர் எழுதினார், எழுதினார், பக்கத்தைத் திருப்பியும் எழுதினார். பிறகு எழுந்து கை கொடுத்தார். "வெள்ளிக்கிழமை காலையில பதினோரு மணிக்கு வாங்க. ஒருத்தர் உங்களை நேர்ல பார்க்கணும்னு ரொம்ப ஆசைப்படறாங்க."

வெளியே வந்ததும் மௌனசாமி எதிரே நின்றார். "வாழ்த்துகள்ப்பா" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்க்கிறான்.

வெள்ளிக்கிழமை வரை காலாட்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மச்சானுக்கு ஒன்பது முறை போன் செய்து வயலின் சங்கதிகளை உருப்போட்டான். ராகம், நீளம், எந்த இடத்தில் வில் வழுக்கும், எந்த இடத்தில் இருமல். மனைவி புதுச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். மகள் படத்தில் அப்பாவை எழுந்து நிற்கவைத்து, கண்ணுக்குப் பதில் இரண்டு பெரிய வட்டம் போட்டுக் கொடுத்தாள். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மேனேஜர் அறையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு, மடியில் கைத்தடி. பெரிய சங்கீத விதுஷியாக இருக்க வேண்டும் என்று பார்த்ததுமே காலாட்டிக்குப் புரிந்துவிட்டது. மேனேஜர் இவனைப் பரீட்சைக்கு நிறுத்தியிருக்கிறார். இரண்டு காலும் ஆடத் தொடங்கின. முழங்கால்களை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"இவர்தாங்கம்மா" என்றார் மேனேஜர்.

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த வயலின் உங்க மேசையிலதான் பாடிச்சா தம்பி?"

"ஆமாம்மா. என் மேசையிலதான்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நாப்பது நிமிஷம்மா. ஒரு நிமிஷம்கூட விடலை."

"அந்த இருமல்?"

இதற்காகத்தானே ஒன்பது முறை போன் செய்தது! "நாப்பத்திரண்டாவது நிமிஷம்மா. வறட்டு இருமல்."

அம்மாள் கண்ணை மூடித் தலையை மெல்ல ஆட்டினார். கண்ணோரத்தில் ஈரம். "அவரேதான் சார்" என்றார் மேனேஜரிடம். மேனேஜர் குறிப்பேட்டை மூடினார்.

ஜெயித்துவிட்டோம்! ஒன்பது முதல் ஐந்து! காலாட்டியின் கால்கள் இந்த ஆபீஸில் பதினோரு வருடத்தில் முதல் தடவையாகத் தாமாகவே நின்றன. சட்டைப்பைக்குள் காகிதம் மொறமொறத்தது. சந்தோஷம் தாங்காமல், மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டு வைப்போமே என்று அவன் குனிந்து, "அம்மாவும் அந்தக் கச்சேரியை முழுசாக் கேட்டிருக்கீங்களோ?" என்றான்.

"முழுசாக் கேட்டேன் தம்பி" என்றார் அந்த அம்மாள், கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டு. "போன மாசம் உங்க கம்பெனி லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு, நீங்க எடுத்து ஓரமா வச்ச போன் வழியா, 'யாராவது பேசுங்களேன், பேசுங்களேன்'னு கத்திக்கிட்டே கேட்டேன்."